துணையாளர் கட்டில்

போன வாரம் அண்ணியை வெல்டிங் ராடு டப்பாவுக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டோம். பாவம், ஒரு வாரமாக அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் அவளை எழுப்பிவிடுவோம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணியின் குடும்பத்துக்கு ஒரு கிரில் பட்டறை. வெட்டுவதும் வளைப்பதும் ஒட்டுவதும் அவள் வீட்டுக்காரரும் அவர் தம்பியும். ஆனால் வரி அலுவலகத்தில் பட்டறை பதிவாகியிருப்பது அண்ணி பெயரில். சரக்கு சேவை வரி எண், பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் அவளுடையது. "உன் பேர்ல இருக்கட்டும், ராசியான பேரு" என்று வீட்டுக்காரர் சொன்ன அன்று அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்தான் இப்போது காய்ச்சலில் கொண்டுவந்து விட்டிருக்கிறது.

ஆறு நாள் முன்பு ஒரு பதிவுத் தபால் வந்தது. அவள் எண்ணைப் போட்டு முப்பத்தேழு பில் போயிருக்கிறதாம். எல்லாம் ஒரே காண்ட்ராக்டருக்கு, எல்லாம் டன் கணக்கில் இரும்புக் கம்பி. ஒன்றுக்கும் வரி கட்டப்படவில்லை. இன்று மாலை நாலு மணிக்கு நேரில் வந்து விளக்கம் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் வரி, அபராதம், அதற்கும் மேலே சிறை என்று அந்தக் கடிதம் மிகுந்த மரியாதையோடு எழுதியிருந்தது.

அந்தப் பட்டறையில் கம்பியைக் கம்பியாக ஒரு நாளும் விற்றதில்லை. நேற்று ராடு டப்பாவைத் திறந்தபோது உள்ளே இருந்தது ஒரு பில் புத்தகம். அவள் பெயர், அவள் எண், அவள் ஸ்டாம்பு. எழுத்து மட்டும் அவளுடையது இல்லை. யார் எழுத்து என்று தெரியக்கூடாது என்று அச்சு மாதிரி தனித்தனியாக எழுதியிருந்தது.

காலை ஒன்பது மணிக்குப் பேக்கரிக்காரர் வந்தார். ரொட்டித் தட்டு அடுக்க இரண்டு இரும்பு ஸ்டாண்டு சொல்லியிருந்தார். பெயிண்டு காய்ந்துகொண்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு டெம்போவோடு வருவதாகச் சொன்னவர், எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். பில் இல்லாமல் என்றால் எவ்வளவு?

பில் இல்லாமல் இங்கே இருந்து ஓர் ஆணிகூடப் போகாது என்றாள் அண்ணி.

"இரும்புக்கு வரி சரிம்மா. கூலிக்கும் எதுக்கு?"

"இரும்பு சரக்கு, கூலி சேவை. ரெண்டுக்கும் உண்டு சார். எங்ககிட்ட கட்டுற வரியை நீங்க கேக்குக்கு வாங்குற வரியில கழிச்சுக்கலாம். நாங்க இரும்புக் கடையில கட்டினதை உங்ககிட்ட வாங்குறதுல கழிச்சுக்குவோம். பில் இல்லேன்னா கழிக்க என்ன இருக்கும்?"

ஒரே அடுப்பில் வேகிற ரொட்டிக்கு வரி கிடையாது, கேக்குக்கு மட்டும் உண்டு, இது என்ன நியாயம் என்று அவர் புலம்பினார். அண்ணி அதற்குத் தன் ஆஸ்பத்திரிக் கதையை எடுத்துவிட்டாள். போன மாதம் கொழுந்தனின் தொடையில் கிரைண்டர் தட்டு உடைந்து தெறித்து, பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். கல்யாணமாகாதவன், துணைக்கு இவள்தான் இருந்தாள். கடைசி நாள் பில்லைப் பார்த்தால் வைத்தியத்துக்கு வரி இல்லை. பக்கத்தில் படுத்திருந்த இவளுடைய கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் வரி.

"குத்துயிரும் குலையுயிருமா கிடந்தவனுக்கு இல்லாத வரி, கொசுக்கடியில உக்காந்திருந்த எனக்கு" என்றாள். கவுன்டரில் அன்றைக்கு அவள் போட்ட சண்டையில் செக்யூரிட்டி வந்து எட்டிப் பார்த்தானாம். பேக்கரிக்காரர் சிரித்துக்கொண்டே போனார். இன்று அந்த வீட்டில் யாராவது சிரித்தார்கள் என்றால் அது ஒன்றுதான்.

மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்காரர், அதாவது பட்டறைக்காரர், வந்தார். கழுத்து என்று தனியாக ஒன்று இல்லாத மனிதர். கோபம் மூக்கு நுனியில். பத்து வயதில் அப்பா அம்மாவை இழந்த தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். இந்தக் கை அணைத்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் தம்பி என்றால் அவருக்கு உயிர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தம்பிக்குப் பட்டறையில் பெயர் 'நூல்'. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை நூல் என்பார்கள். அதில்கூடப் பிசகாமல் வெட்டுவான். வேலைக்காரர்கள் இருவரும் வெளியே கேட் மாட்டப் போயிருக்க, அவன் மட்டும் ஓரமாக எல் வடிவ ஆங்கிள் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணி புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். ராடு டப்பாவில் இருந்தது, நான் எழுதியது இல்லை என்றாள்.

பட்டறைக்காரர் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். அடுத்த நொடி பாய்ந்தார்.

முதல் அறையிலேயே நூலின் உதடு கிழிந்தது. இரண்டாவது அடியில் தலை துளை போடும் மெஷினில் மோதியது. அவன் கையைத் தூக்கவில்லை. தடுக்கக்கூட இல்லை. அதுவே அண்ணனுக்கு வெறியைக் கூட்டியது. கீழே கிடந்த இரும்புப் பட்டையை எடுத்து முதுகிலும் தோளிலும் விளாசினார். ஒவ்வோர் அடிக்கும் ஒரு வார்த்தை. சோறு போட்டேன். தொழில் கொடுத்தேன். துரோகி.

அண்ணி நடுவில் போய் விழுந்தாள். பட்டை அவள் முழங்கையைச் சீவிக்கொண்டு போனது. அப்போதும் அவர் நிறுத்தவில்லை. கீழே விழுந்தவனின் இடுப்பில் இரண்டு உதை. தையல் போட்ட தொடையில் பேண்ட் துணி மெல்லச் சிவந்து வந்ததைப் பார்த்த பிறகுதான் கை தளர்ந்தது.

"சரக்கே போகாத பில்லுக்கு எவன் வரி கேப்பான்?" என்றார், மூச்சு வாங்க. "வெறும் காகிதம்தானே?"

"காகிதம் போனாலே வரி வந்துடும்ங்க" என்றாள் அண்ணி. அவள் குரல் நடுங்கியது, ஆனால் விஷயம் நடுங்கவில்லை. "பில்லுல வரின்னு எழுதிட்டோமே. அதைக் காட்டி காண்ட்ராக்டர் தான் கட்ட வேண்டியதுல கழிச்சுக்கிட்டாரு. இங்கே கட்டாததை அங்கே கழிச்சா, அரசாங்கத்துக் கல்லாவுல கை விட்ட மாதிரி. கை யாரோடதுன்னு பாத்தா என்னோடது."

அவர் வெளியே போய்ப் பீடி பற்ற வைத்தார்.

அண்ணி நூலை அறைக்குள் இழுத்துப் போய்ச் சுவரில் சாய்த்தாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். பேண்டை வெட்டிப் பார்த்தால் தொடையில் மூன்று தையல் பிரிந்து வாய் திறந்திருந்தது. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, ஏன் தம்பி இப்படிச் செஞ்சே என்று கேட்டாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்தத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத்தான் திடீரென்று அந்தப் பதினொரு நாள் ஞாபகத்துக்கு வந்தது.

எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். நேற்று இருந்த பதற்றத்தில் தொகையைப் பார்த்தாளே தவிர, தேதியைப் பார்க்கவில்லை. இப்போது ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். முப்பத்தேழில் பதினாலு பில், இவன் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளில் எழுதியது. அந்த நாட்களில் பட்டறை பூட்டியிருந்தது. வேலைக்காரர்களுக்கு விடுமுறை. சாவி ஒருவரிடம் மட்டும்தான் இருந்தது.

அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் பாய்ந்தாரே மனுஷன். பிரித்துக்கூடப் பார்க்கவில்லையே. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவன் பிரித்துப் பார்க்காமல் இருப்பானா? சரக்கு போகவில்லை என்று இவளே இன்னும் சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரிந்தது?

"உங்க அண்ணனா?" என்றாள்.

நூல் கண்ணைத் திறக்கவில்லை. கண்ணீர் மட்டும் ரத்தத்தோடு கலந்து இறங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுவாரம் அண்ணன் எழுதிக்கொண்டிருந்ததைத் தானே பார்த்ததாகச் சொன்னான். வீட்டுக்கடன், ஆஸ்பத்திரிச் செலவு, காண்ட்ராக்டர் காட்டிய ஆசை. சரக்கு போகாததால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அண்ணன் நிஜமாகவே நம்பினாராம். அண்ணியிடம் மூச்சு விடாதே என்று தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

"நான் அடி வாங்கிக்கிட்டா இத்தோட முடிஞ்சிடும்னு நெனச்சேன் அண்ணி."

அண்ணிக்கு அவனை அணைத்துக்கொண்டு அழவேண்டும் போலவும், இன்னோர் அறை விடவேண்டும் போலவும் இருந்தது. எதற்கும் நேரமில்லை. வெளியே ஜீப் வந்து நின்றது.

காண்ட்ராக்டர் வெள்ளைச் சட்டைக்காரர். பேச்சில் தேன் ஒழுகும். கூட வந்த இருவருக்கும் பேச்சே கிடையாது, கை மட்டும்தான். அவருக்கும் கடிதம் போயிருந்தது. அவரிடம் உள்ள பில்லைக் கிழித்துப் போட்டுவிடலாம். கார்பன் நகல் இந்தப் புத்தகத்தில் அல்லவா இருக்கிறது? அதைக் கேட்டு வந்திருந்தார். பட்டறைக்காரர் தலையைக் குனிந்துகொண்டே பின்னால் வந்தார்.

"கொடுத்துடு" என்றார் மனைவியிடம்.

"மாட்டேன்" என்றாள் அண்ணி. பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் அவள் சொன்ன முதல் மாட்டேன் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒருவன் அவள் தலைமுடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். இன்னொருவன் மணிக்கட்டை முறுக்கினான். எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. புத்தகத்தை வயிற்றோடு அழுத்திக்கொண்டு தரையில் சுருண்டாள். கையை முறுக்கியவன் காலால் மிதித்தான். முதுகில் விழுந்த மிதியில் மூச்சு நின்று வந்தது. பட்டறைக்காரர் "வேணாம், அவளை விடுங்க" என்று சொன்னது உண்மை. ஆனால் நின்ற இடத்தை விட்டு ஓரடி நகரவில்லை என்பதும் உண்மை.

நகர்ந்தவன், நிற்கவே முடியாதவன்தான். நூல் சுவரைப் பிடித்து எழுந்து, வெட்டிப் போட்டிருந்த ஆங்கிளை எடுத்து, மிதித்துக்கொண்டிருந்தவனின் முழங்காலில் இறக்கினான். அங்கேயும் அவன் அளவு தப்பவில்லை. எலும்பு உடைந்த சத்தம் தகரக் கூரை வரை கேட்டது. அவன் அலறி விழ, மற்றவன் அண்ணியின் முடியை விட்டுவிட்டு, கைக்கு அகப்பட்ட சுத்தியலால் நூலின் தலையில் அடித்தான். நூல் வெட்டிய துண்டுகள் மேலேயே குப்புற விழுந்தான்.

மற்றவன் மறுபடி சுத்தியலை ஓங்கியபோது வாசலில் ஹாரன் அடித்தது. பேக்கரிக்காரர் சொன்னால் சொன்ன நேரத்துக்கு வருகிறவர். டெம்போவில் இருந்து மாவு மூட்டை தூக்கிப் பழகிய நாலு பேர் குதித்தார்கள்.

காண்ட்ராக்டர் கணக்கு தெரிந்தவர். முழங்கால் உடைந்தவனை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். பிறகு பட்டறைக்காரரின் சட்டைக் காலரைப் பிடித்து, காதில் ஏதோ சொன்னார். பட்டறைக்காரரின் முகம் வெளுத்தது. தானாகவே போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நூலுக்குத் தலையில் நாலு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. நினைவு இருந்தது. பேக்கரி ஆட்கள் மாவுச் சாக்கைக் கிழித்துக் கட்டினார்கள். முதலில் ஆஸ்பத்திரி என்றார் பேக்கரிக்காரர். நூல் கேட்கவில்லை. வரி அலுவலகம் போகிற வழியில்தான் ஆஸ்பத்திரி, அண்ணியை நாலு மணிக்குள் உள்ளே அனுப்பிவிட்டு நான் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான்.

பேக்கரி ஆட்களைப் பட்டறைக்குக் காவல் வைத்துவிட்டு டெம்போ கிளம்புவதற்கு முன் அண்ணி ஒரு காரியம் செய்தாள். தன் சொந்தப் பில் புத்தகத்தை எடுத்து, வீங்கிய மணிக்கட்டோடு, ஸ்டாண்டு இரண்டுக்கு இரும்பு இவ்வளவு, கூலி இவ்வளவு, வரி இவ்வளவு என்று எழுதிக் கிழித்துப் பேக்கரிக்காரர் கையில் கொடுத்தாள். தாளின் ஓரத்தில் ரத்த விரல் பதிந்திருந்தது. அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு பீரோவைத் திறந்து, ரசீதுகள் போட்டு வைக்கும் பிஸ்கட் டப்பாவைத் துழாவி, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக்கொண்டாள்.

அலுவலகம் இரண்டாவது மாடியில். படியேறும்போது முதுகு விண்விண் என்று தெறித்தது. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. அதிகாரி ஒரு பெண். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அண்ணியின் முழங்கையையும், கலைந்த தலையையும், வீங்கிய கையையும் பார்த்தார்.

எதிரே ஒரு நாற்காலியில் ஏற்கனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவள் வீட்டுக்காரர்.

"உங்க கணவர் எழுதிக் கொடுத்துட்டார்மா" என்றார் அதிகாரி. "எல்லாப் பில்லும் நீங்க எழுதினது, அவருக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. நீங்க ஒத்துக்கிட்டா கையெழுத்துப் போடலாம்."

பட்டறைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்பிள்ளையை உள்ளே வைக்க மாட்டார்கள், மெதுவாக வெளியே எடுத்துவிடலாம், ஒத்துக்கொள் என்று முணுமுணுத்தார்.

அண்ணிக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. இவருக்காகவா இத்தனை வருஷம் ஒவ்வொரு ரசீதையும் பூப்போல எடுத்து வைத்தேன் என்று நினைத்தாள். முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த புத்தகத்தை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். பதினாலு தாளையும் ஒவ்வொன்றாக மடக்கித் தேதியைக் காட்டினாள். அதன் பக்கத்தில் அந்த நாலு மடிப்புத் தாளை விரித்து வைத்தாள்.

"இது என் கொழுந்தனோட ஆஸ்பத்திரி பில் மேடம். கீழே பாருங்க, துணையாளர் கட்டில், துணையாளர் சாப்பாடு. பதினொரு நாளுக்கும் தேதி போட்டு, பக்கத்துல என் கையெழுத்து. நான் அங்கே படுத்திருந்ததுக்கு உங்க ஆபீஸ் என்கிட்ட வரி வாங்கியிருக்கு. அதே நாள்ல பட்டறையில உக்காந்து பதினாலு பில் எப்படி எழுதுவேன்?"

அதிகாரி தாளை இழுத்துக்கொண்டார். விரலால் ஒவ்வொரு தேதியாகத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தப் பதினொரு நாள் பட்டறைச் சாவி யார்கிட்ட இருந்தது?"

அண்ணி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் தலையை நிமிர்த்தினார். கெஞ்சுகிற கண். அந்தக் கண்ணை அவளுக்குப் பிடிக்கும், அதுதான் கொடுமை.

"இவர்கிட்ட" என்றாள்.

அவர் மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. நாற்காலியில் இருந்து எழுந்தவருடைய முகத்தில் இருந்தது வேறொன்று. மதியம் பட்டறையில் அத்தனை அடி அடித்தபோதுகூட அவள் அந்த முகத்தில் பயத்தைப் பார்த்ததில்லை.

"தம்பி எங்கே?" என்றார். "கீழேயா இருக்கான்?"

"டெம்போவுல. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டிருப்பாங்க."

"காண்ட்ராக்டர் ஜீப்பும் கீழேதான் நிக்குது. நீ ஒத்துக்கிட்டா தம்பியை விட்டுடுறேன்னு சொன்னான். யாரை விட்டுக்கொடுக்கறே, உன்னையா அவனையான்னு கேட்டான்டி என்னை. நான் உன்னைச் சொன்னேன்."

அண்ணி ஜன்னலுக்கு ஓடினாள்.

கீழே டெம்போ கிளம்பாமல் அதே இடத்தில் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ஜீப் இல்லை. புது ஸ்டாண்டு ஒன்று ரோட்டில் கவிழ்ந்து கிடக்க, பக்கத்தில் பேக்கரிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்தம் தோய்ந்த மாவுச் சாக்குத் துணி காற்றில் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அதைக் கட்டியிருந்தவனைக் காணவில்லை.